"எனக்கு அவ்வளவு அறிவு கிடையாது" என்று இனிச் சொல்ல வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். வீடு, ரெண்டு பிள்ளைகள், ரெண்டு மாடு, இதுதான் என் உலகம். குழுவில் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் குழுவின் கணக்கு நோட்டை நான்தான் எழுதுகிறேன். இன்றைக்குப் பேசச் சொன்னார்கள். நம்ம கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

"எனக்கு அவ்வளவு அறிவு கிடையாதுக்கா. நீங்களே பாத்து செய்யுங்க."

ஊக்குநராக இருங்கள் என்று கேட்டால் இந்த வார்த்தை. பேங்குக்குப் போய்ட்டு வாங்க என்றால் இந்த வார்த்தை. பயிற்சிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் குனிந்து தரையைப் பார்ப்போம். நம்மில் யாருக்குத்தான் இது புதுசு?

இந்த நினைப்பு நம்ம கூடவே பிறந்தது இல்லை. யாரோ சொல்லிச் சொல்லித்தான் உள்ளே போனது. பள்ளிக்கூடத்தில் "மக்கு" என்றார்கள். கல்யாணம் ஆகிப் போன இடத்தில் "உனக்கு என்ன தெரியும், உள்ள போ" என்றார்கள். நான் எட்டாவது படிக்கும்போது கணக்கு வாத்தியார் என்னை எழுப்பி நிற்க வைத்து, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு ரொம்ப வருஷம் என் காதிலேயே இருந்தது.

இப்போது நான் மாடுதான் வளர்க்கிறேன். அதற்கு அறிவு வேண்டாமா? பால் சொசைட்டியில் கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப் எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். வைக்கோலைக் குறைத்தால் கொழுப்பு இறங்கும், பசுந்தீவனம் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு, தீவனச் செலவு போக கையில் என்ன நிற்கும், எல்லாம் மனசுக்குள்ளேயே ஓடும். இது கணக்கு இல்லையா?

மார்கழி மாசம் வாசலில் 15 புள்ளி, ஊடு புள்ளி 8 வரை என்று கோலம் போடுகிறோம். மொத்தம் 169 புள்ளி. நோட்டு இல்லை, ஸ்கேல் இல்லை. விடியக்காலைப் பனியில், அரை வெளிச்சத்தில் ஒரு புள்ளி தப்பாமல் வைக்கிறோம். இதற்கு யாரும் மார்க் போடவில்லை. அதனால்தான் இதை அறிவு என்று நாமே கணக்கில் எடுப்பதில்லை.

இந்த நினைப்பால் மனசு மட்டும்தான் வலிக்கும் என்று நினைக்காதீர்கள். பணமும் போகும். எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நிதி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். "ஆளுக்கு 30,000 ரூபாய். மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டிதான். பத்து மாசம், மாசம் 3,600 கட்டினால் முடிஞ்சது" என்றார். நல்ல சட்டை, வேகமான பேச்சு, நடுவில் நாலு இங்கிலீஷ் வார்த்தை. பன்னிரண்டு பேர் வாங்குவதாக இருந்தோம். கையெழுத்துப் போடுகிற நேரம். எங்கள் குழுவில் பூ கட்டி விற்கிற அக்கா ஒருத்தர், கைநாட்டுதான், மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நான் அஞ்சு மாசம் கட்டினா பாதிப் பணம் திரும்பி வந்துருமே. திருப்பிக் குடுத்த பணத்துக்கும் எதுக்கு வட்டி?"

அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்றார்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். ஆனால் கேள்வி அங்கேயே நின்றது. நான் நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னபடி மாசம் 600 ரூபாய், பத்து மாசத்துக்கு வட்டி 6,000. நம்ம குழுவில் உள்கடனுக்குப் போடுகிற மாதிரி நிலுவைக்கு மட்டும் அதே ரெண்டு வட்டி போட்டால், முதல் மாசம் 600, அடுத்த மாசம் 540, அப்புறம் 480 என்று குறைந்துகொண்டே வந்து கடைசி மாசம் 60. மொத்தம் 3,300. ஆளுக்கு 2,700 ரூபாய் வித்தியாசம். பன்னிரண்டு பேருக்கு 32,400 ரூபாய்!

வாய் விட்டுப் படித்தேன். யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அந்த அக்காவுக்கு எழுதத் தெரியாது. எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. அவர் கேள்வியும் என் பத்தாவது கணக்கும் சேர்ந்தது, பணம் தப்பியது. குழு என்பது இதுக்குத்தான். ஒருத்தருக்கே எல்லா அறிவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் இருக்கிறதை வெளியே சொல்ல வேண்டும். "உங்களுக்குப் புரியாது" என்று ஒருத்தர் சொன்னால், அவர் சரியாக விளக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மதுரை மாவட்டம் புல்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவை நம்ம எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி. பெண்களைச் சேர்த்து, களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களை வளர்த்தார். 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. "எனக்கு அறிவு பத்தாது" என்று அவர் வீட்டிலேயே இருந்திருந்தால் எத்தனை குடும்பத்துக்கு நஷ்டம்!

எங்கள் குழுவில் இப்போது சில வழக்கம் வைத்திருக்கிறோம். உங்களுக்கும் உதவலாம். வரவு செலவைப் படித்து முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டிவிடுவோம். அதற்குப் பதில் "உங்க சேமிப்பு எவ்வளவு, கடன் நிலுவை எவ்வளவு?" என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்கிறோம். படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் கணக்கை வாயாலேயே சொல்கிறார்கள். பேங்குக்குப் போகும்போது பழக்கப்பட்ட ஒருவரும் புதுசாக ஒருவரும் சேர்ந்து போகிறோம். மூன்றாவது, "புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று யாராவது சொன்னால் சிரிக்கக் கூடாது. சிரித்தால் பத்து ரூபாய் அபராதம். இதுவரைக்கும் முப்பது ரூபாய் வசூல் ஆகியிருக்கிறது!

இதெல்லாம் செய்ததும் பயம் ஒரே நாளில் போய்விடாது. பேங்க் வாசல்படியில் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும். படபடப்போடுதான் உள்ளே போகிறேன். போகப் போகக் குறைகிறது. சைக்கிள் பழகும்போது இருந்த பயம் மாதிரிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நமக்குச் சொன்ன வார்த்தையை நம்ம பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். முக்கியமாகப் பொம்பளைப் பிள்ளைகளை "மக்கு", "மண்டு" என்று விளையாட்டுக்குக்கூடக் கூப்பிட வேண்டாம். மார்க் குறைந்தால் எந்த இடத்தில் புரியவில்லை என்று கேட்போம். நமக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்காரத் தெரியும்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு கேள்வி கொண்டு வாருங்கள். சின்னக் கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. வட்டியைப் பற்றி இருக்கலாம், இன்சூரன்ஸ் பற்றி இருக்கலாம், இந்தப் பாரத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்றும் இருக்கலாம். வாய் திறந்து கேளுங்கள்.