பெட்டி புதுசில்லை, உள்ளே இருப்பது புதுசு

(கிளைத் தலைவர்கள், மாதர் அமைப்பினர், இளைஞர்களுக்கான பயிற்சிநாளில் ஆற்றிய உரை)



காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் கொழுந்தை நிறுத்துவிட்டு, சோறு தின்னக்கூட நேரமில்லாமல் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேசப்போவதில்லை. கணினியைப் பற்றிய பேச்சு என்றதும் "அது படிச்ச பிள்ளைகளுக்கு" என்று சிலர் பின்வரிசைக்குப் போகிறீர்கள். முன்னால் வாருங்கள். இது உங்கள் சம்பளச் சீட்டைப் பற்றிய பேச்சு.

நமது கிளை அறையில் இரண்டு பழைய கணினிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். இரண்டிலும் வின்டோஸ் 10 இருந்தது. அதற்கு வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை அந்தக் கம்பனி 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அடுத்தது வின்டோஸ் 11. அதைப் போடப் பார்த்தோம். நம் கணினி அதற்குப் பழசு என்று பதில் வந்தது. புதுசு வாங்கச் சந்தாப் பணத்தில் இடமில்லை. பழசை அப்படியே வைத்து இன்டர்நெட்டில் இணைப்பது பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பது மாதிரி. ஆகவே இரண்டிலும் லினக்ஸ் மின்ட் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டோம். நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இதைப் பணிசெயல் முறைமை என்று படிக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான்: கணினியை எழுப்பி, வேலை வாங்குகிற அடிப்படை மென்பொருள்.

இதற்கு ஒரு சதமும் செலவில்லை. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிவைத்த லினக்ஸ்தான் அதன் அடிப்படை. பிறகு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்த்தார்கள். நாம் சிரமதானம் செய்து லயத்துப் பாதையைப் போடுகிறோமே, அப்படிப் போட்ட பாதை. யாரும் நடக்கலாம், யாரும் திருத்தலாம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் நன்றாக ஓடும், 2 ஜிபி இருந்தாலும் சமாளிக்கும்.

இது வந்து மூன்று மாதமாகிறது. மூன்று மாதமாக என்ன செய்தோம் என்று நாங்களே கேட்டுக்கொண்டோம். கூட்ட அறிவித்தல் தட்டினோம், பாட்டுக் கேட்டோம். அவ்வளவுதான். புதுச் சமையலறை கட்டிவிட்டு அதில் தேத்தண்ணி மட்டும் ஊற்றின கதை. பிறகு ஒரு அம்மா வந்தார். அவர் வந்த பிறகுதான் இந்தப் பெட்டியை எதற்கு வைத்திருக்கிறோம் என்பது எங்களுக்கு விளங்கியது.

அந்த அம்மா வேலையை விட்டு நின்று ஊழியர் சேமலாப நிதிக்கு எழுதிப் போட்டவர். கைக்கு வந்த தொகை குறைவு என்று அவருக்கு மனதில் பட்டது. ஆனால் எவ்வளவு குறைவு, எந்த மாதம் குறைந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் 86 சம்பளச் சீட்டு. சிலது கறையான் தின்றது, சிலது மழை ஒழுக்கில் ஒட்டிக்கொண்டது.

"டீச்சர், இந்தப் பெட்டிக்குள்ள போட்டா என் காசு எங்க போச்சுன்னு சொல்லுமா?" என்று கேட்டார்.

"அது சொல்லாதுங்கம்மா. ஆனா நாம கேக்கிறதுக்குக் கணக்கு எடுத்துக் குடுக்கும்" என்றோம்.

அந்த வேலையில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, சீட்டைப் படமாக்குவது. மின்ட்டில் ஆவணம் ஸ்கேன் செய்யும் ஒரு சின்ன மென்பொருள் கூடவே வருகிறது. ஸ்கேனர் இல்லாவிட்டால் போனில் படம் எடுத்தாலும் போதும். முக்கியமான விஷயம் பெயர் வைப்பது. "அம்மா சீட்டு புதுசு" என்று வைத்தால் நாளைக்கு யாருக்கும் விளங்காது. முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு அங்கத்துவ இலக்கம். 2019-03 என்று தொடங்கினால் கணினி தானாகவே வருட வரிசையில் அடுக்கிவிடும். நடுவில் ஒரு மாதம் விடுபட்டால் கண்ணுக்கு உடனே தெரியும்.

இரண்டாவது, கணக்கு. லிப்ரே ஒபிஸ் என்பதும் மின்ட்டோடு சும்மா வருகிறது. அதில் கட்டம் கட்டமாக ஒரு விரிதாள் இருக்கிறது. ஒரு வரிசையில் மாதம், அடுத்ததில் சேமலாப நிதிக்குக் கணக்கெடுக்கும் சம்பளம், அடுத்ததில் சீட்டில் வெட்டிய தொகை, கடைசியில் நிதிக் கணக்கில் வந்துசேர்ந்த தொகை.

கணக்கு இதுதான், எல்லோரும் மனதில் வையுங்கள். தொழிலாளியிடம் வெட்டுவது 8 வீதம். தோட்டம் தன் பங்குக்குப் போடவேண்டியது 12 வீதம். இரண்டும் சேர்ந்து 20 வீதம் சேமலாப நிதிக்குப் போகவேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தோட்டம் 3 வீதம் கட்டவேண்டும். அதை நம்மிடம் வெட்டக்கூடாது.

2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவை எடுத்துக்கொள்வோம். 20 பேர் போட்டால் 27,000 ரூபா. நம்மிடம் வெட்டுவது 2,160. தோட்டம் போடுவது 3,240. சேர்த்து 5,400 ரூபா நம் பெயரில் ஏறவேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு வேறாக 810. உங்கள் சீட்டில் இப்போது உள்ள தொகையை வைத்து வீட்டில் இதே மாதிரிப் போட்டுப் பாருங்கள்.

விரிதாளில் இந்தப் பெருக்கலை ஒரு கட்டத்தில் ஒருதரம் எழுதினால் போதும். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் 86 மாதத்துக்கும் அதுவே போட்டுவிடும். வரவேண்டியதும் வந்ததும் ஒத்துப்போகாத கட்டம் சிவப்பாக மாறும்படியும் சொல்லிவைக்கலாம். அப்படிச் சொல்லிவைத்தோம். தொழில் அலுவலகத்தின் வழியாக எடுத்த விபரத்தையும் பக்கத்தில் ஏற்றினோம். ஏழு கட்டம் சிவந்தது. ஏழு மாதத்திலும் சீட்டில் பணம் வெட்டியிருக்கிறது, கணக்கில் ஏறவில்லை.

அந்த அம்மா எழுத்து வாசிக்கத் தெரியாதவர். சிவப்பு அவருக்கு விளங்கியது. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது தைப்பொங்கல் மாசம். இது என் மக மூத்தவள பெத்த மாசம்" என்று சொன்னார். அந்தத் தாளை அச்செடுத்து, சீட்டுகளின் படங்களோடு சேர்த்துத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் இதே அறையில் சொல்வோம். ஆனால் ஒன்று. முன்பெல்லாம் "குறையுது சேர்" என்று போய் நிற்போம், "எங்கே ஆதாரம்?" என்று திருப்பி அனுப்புவார்கள். இந்தத் தடவை அந்தக் கேள்வி வரவில்லை.

மூன்றாவது, தமிழ். நம் சங்கத்துப் பழைய கடிதங்களைப் புதுக் கணினியில் திறந்தபோது ஒரே ஆங்கில எழுத்தாகக் கொட்டியது. கணினி கெட்டுவிட்டது என்று ஒரு தம்பி பயந்துபோனான். கெடவில்லை. அவை பாமினி எழுத்துருவில் தட்டியவை. பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். பழைய கடிதத்தை வாசிக்க மட்டும் வேண்டுமென்றால் பாமினிக் கோப்பைப் பழைய கணினியிலிருந்து கொண்டுவந்து நிறுவினால் சரி. ஆனால் இனிமேல் தட்டுவதை யூனிகோட்டில் தட்டுங்கள். அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்த இலக்கங்கள் இருக்கின்றன. எந்தக் கணினியிலும், எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். பாமினியில் உள்ளதை யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகளும் உண்டு.

மின்ட்டின் அமைப்புகளில் விசைப்பலகை என்ற இடத்தில் தமிழைச் சேர்த்துவிட்டால், ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரு தட்டில் மாறலாம். தமிழ் 99 பழகியவருக்கு அது கிடைக்கும், போனில் ஒலிப்பு முறையில் தட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு அதற்கான உள்ளீட்டு முறையை வேறாக நிறுவிக்கொள்ளலாம். இது எதற்கு என்று கேட்கலாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுத நமக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விபரம் கேட்டு எழுதினால், தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் எடுக்கவேண்டும். அந்தக் கடிதத்துக்கு ஒரு மாதிரியைத் தமிழில் தட்டிக் கணினியில் வைத்திருக்கிறோம். பெயரையும் கேள்வியையும் மாற்றினால் போதும்.

நான்காவது, தேடுவது. மின்ட்டின் கோப்புறைக்குள் கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு பெட்டி வரும். ஒன்றில் கோப்பின் பெயரைத் தேடலாம், மற்றதில் கோப்புக்குள்ளே எழுதியிருப்பதைத் தேடலாம். ஒரு பெயரைத் தட்டினால் அது வருகிற கடிதங்கள் வரிசையாக வரும். யூனிகோட்டில் தட்டியிருந்தால்தான் இது நடக்கும். ஸ்கேன் செய்த படத்துக்குள்ளும் அது தேடாது. அதனால்தான் படத்துக்குச் சரியாகப் பெயர் வைக்கச் சொன்னோம்.

ஐந்தாவது, டேட்டா செலவில்லாமல் அனுப்புவது. மின்ட்டில் வார்பினேட்டர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு கணினியையும் ஒரே போனின் ஹொட்ஸ்பொட்டில் சேர்த்து, போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். அப்போதும் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கோப்பு போகும், ரீலோட் காசு கரையாது. நம் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடப் புத்தகங்கள் தமிழில் கிடைக்கின்றன. சிக்னல் உள்ள இடத்தில் ஒருவர் ஒருதரம் இறக்கினால் போதும். மலை உச்சிக்கு ஏறிப் போனைத் தூக்கிப் பிடிக்கிற வேலை ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவையில்லை.

ஆறாவது, பாதுகாப்பு. இதில் நாங்கள் ஒரு பிழை விட்டோம், நீங்கள் விடாதீர்கள். டைம்ஷிப்ட் என்ற வசதியைப் போட்டுவிட்டு, எல்லாம் பத்திரம் என்று நினைத்தோம். அது இயங்குதளத்தைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நம் கடிதங்களையும் சீட்டுகளையும் அது வழமையாகச் சேமிப்பதில்லை. அவற்றுக்கு வேறாகப் பிரதி எடுக்கவேண்டும். மாதக் கடைசியில் ஒரு பென் டிரைவில் எடுத்து, வேறொரு லயத்தில் ஒரு தோழரின் வீட்டில் வையுங்கள். ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால் முழு லயமும் போவதைப் பார்த்த ஆட்கள் நாம். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்கக்கூடாது.

அதோடு, கிளை வேலைக்கு ஒரு பயனர் கணக்கு, பிள்ளைகளுக்கு இன்னொன்று என்று பிரித்து, கிளைக் கணக்குக்குக் கடவுச்சொல் போடுங்கள். அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கமும் சம்பள விபரமும் அதற்குள் இருக்கின்றன. நம்மை நம்பித் தந்தவை. கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் பூட்டின பெட்டியோடு நிற்கக்கூடாது.

வயதானவர்கள் எழுத்துச் சின்னது என்கிறீர்கள். அமைப்புகளில் அணுகல்வசதி என்ற இடத்தில் பெரிய எழுத்தைத் தெரிவு செய்யுங்கள். திரை முழுக்கப் பெரிதாகும். கண்ணாடி வாங்கும்வரை அது உதவும்.

குறையையும் சொல்லிவிடுகிறோம். எல்லாப் பிரிண்டரும் இதில் உடனே வேலை செய்யாது. வின்டோஸுக்கென்றே செய்த சில மென்பொருட்கள் இதில் ஓடாது. ஆகவே உங்கள் கிளையில் போடுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். பழைய கோப்புகள் எல்லாவற்றையும் வெளியே பிரதி எடுங்கள். பிறகு பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பாருங்கள். கணினியில் உள்ளதை அழிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். பிரிண்டர் ஓடுகிறதா, வைபை ஓடுகிறதா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும்.

இனி நமக்குள்ள வேலை. ஒவ்வொரு கிளையும் இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். ஒருவர் சாதாரண தரமோ உயர்தரமோ முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளை. மற்றவர் கட்டாயம் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா. பிள்ளைக்குக் கணினி சீக்கிரம் வரும். சீட்டில் எது வெட்டு, எது அரைப்பேர், எந்த மாதம் நிறுவையில் பிடித்தார்கள் என்பது அக்காவுக்குத்தான் தெரியும். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தால் இரண்டு பேருமே ஆசிரியர்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சீட்டு இருந்தால் அடுப்பு மூட்ட எடுக்கவேண்டாம். இல்லையென்றால் இந்த மாதச் சீட்டிலிருந்து சேர்க்கத் தொடங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கையில் கொண்டுவாருங்கள். கணினி நம் அறையில் இருக்கிறது. மின்சாரம் இருக்கிற நேரமெல்லாம் ஆள் இருக்கும்.