குழந்தைகளின் அச்சமும் நமது கைவைத்தியமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நாங்கள் மருத்துவம் கற்றவர்களல்லோம். கரக்பூரில் ரயில்வே பேரேடுகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தாக்கள். பள்ளியிறுதியோடு படிப்பு நின்றவர்கள். எனினும், அஞ்சும் குழந்தைக்கு எதைக் கொடுக்கலாகாது என்பதனைப் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், பாலேசுவரத்தை அடுத்த பாஹாநகாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாயிற்று. 290 பேருக்கு மேல் மாண்டனர். நாம் ஊருக்குச் செல்லும் வண்டியல்லவா அது! அக்காட்சிகளை இரவு பகலாகத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் எட்டு வயது மகன் அமர்ந்திருந்ததை எண்ணினோமில்லை. அதன்பின் அவன் படுக்கையை நனைக்கலானான். எஞ்சின் ஊதினால் வயிறு வலிக்கிறதென்பான்.

அவன் தாத்தாவின் திதிக்கு ஊர் செல்ல வேண்டியிருந்தது. வண்டியில் ஏற மறுத்தான். யாரோ கூறக் கேட்டு, உறங்கட்டுமென்று சளி மருந்தைப் புகட்டினோம். உறங்காமல் வெறிகொண்டவன்போல் துள்ளினான். இன்னுமொரு மூடி புகட்டினோம். பிரம்மபூர் வருமளவில் எழுப்பியும் எழவில்லை. அவன் தாயார் மூக்கருகே விரலை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். 139க்குச் சொல்லி, வழியில் ஒரு நிலையத்தில் டாக்டர் வந்து பார்த்தார். பிள்ளை பிழைத்தான். டாக்டர் எங்களைக் கடிந்த சொற்களை இம்மேடையில் கூறவியலாது.

சளி மருந்திலுள்ள தூக்கமூட்டும் சரக்கு அச்சத்தை நீக்குவதன்று. அளவு மிஞ்சினால் மூச்சையே தளர்த்தும். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வெறியூட்டும். முற்காலத்தில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வீடுகளில் அபினி உருண்டை கொடுத்துக் குழந்தைகளை உறங்கவைத்தனராம். நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதுவே. நம் பாட்டிமார் 'பிள்ளை வளர்த்தான்' என்று போற்றிய வசம்பும் ஐயத்திற்குரியதே. அதன் எண்ணெய் எலிகளுக்குப் புற்று விளைத்தமையால், அமெரிக்க அரசு 1968இல் அதனை உணவிற் சேர்க்கத் தடைவிதித்தது. வல்லாரைத் துவையல் தாராளமாகப் போடுங்கள், அது உணவு. டப்பியில் வரும் மூலிகைத் தூளை டாக்டரைக் கேளாமல் கொடுக்க வேண்டா.

பிறகு என்ன செய்தோம்? செய்திக் காட்சிகளை நிறுத்தினோம். மாலைக் காபியை நிறுத்தினோம். அது படபடப்பை வளர்ப்பது. "பயப்படாதே" என்று அதட்டுவதை விடுத்து, "எதை நினைத்து அஞ்சுகிறாய்?" என்று கேட்டோம். "இருட்டில் வண்டி கவிழ்ந்தால் அம்மாவை எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்றான். அதுகாறும் நாங்கள் அறியாதது அது.

சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல், மூன்று எண்ணி மூச்சை இழுத்து ஐந்து எண்ணி மெல்ல விடப் பழக்கினோம். அச்சமில்லாத வேளையிலேயே பழக்க வேண்டும். வாரந்தோறும் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி வண்டிகளைப் பார்த்தோம். பின்பு லோக்கலில் கிரிமைதான் வரை. ஒருமுறை அழுதான், இறங்கிவிட்டோம். மறுவாரம் மேதினிபூர் வரை வந்தான். இழுத்து ஏற்றுவதும் தவறு, அடியோடு தவிர்ப்பதும் தவறு.

வாரக்கணக்கில் உணவும் உறக்கமும் பள்ளியும் கெட்டால் டாக்டரிடம் செல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி 14416, தமிழிலும் பேசலாம். சாக வேண்டுமென்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் தாமதியாதீர்கள்.

கோடை விடுமுறையில் மறுபடி ஊர் சென்றோம். பாஹாநகா தாண்டும்வரை தாயின் கையைப் பற்றியபடி, பாலை ஆற்றுவதுபோல் ஊதிக்கொண்டே வந்தான். கட்டாக்கில் இட்டிலிப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னான்.