நாடியும் நினைவும்



"வயதானால் மறதி வரத்தான் செய்யும்!" சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் இது. பாட்டி அடுப்பை அணைக்க மறந்தாலும், தாத்தா கடைக்குப் போன வழியில் திகைத்து நின்றாலும் இதே பதில்தான். 2018-இல் நம் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், 60 வயதை எட்டியவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு மறதிநோய் இருப்பது தெரிந்தது. வயது மட்டுமே காரணமென்றால் எல்லாருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்? வேறு காரணங்களும் உண்டு. அவற்றுள் சிலவற்றை நம் நாடியோடு சேர்த்துப் பார்ப்போம்.

பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் விரல்களை வையுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். நாடி சற்று விரையும். மெதுவாக விடுங்கள், சற்றுத் தணியும். பிள்ளைகளிடம் இது நன்றாகத் தெரியும். 1847-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் கார்ல் லுட்விக் இதனைக் கருவியால் பதிவு செய்தார்.

நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் இதயம், கடிகாரம்போல் விநாடிக்கு ஒன்றாகத் துடிப்பதில்லை. ஓர் இடைவெளி 0.95 விநாடி என்றால் அடுத்தது 1.05 விநாடியாக இருக்கலாம். இதற்கு 'இதயத் துடிப்பு மாறுபாடு' என்று பெயர். பால் வெட்டுகிறவர் மேட்டில் நிதானமாகவும் சமதரையில் விரைவாகவும் நடப்பதில்லையா? அதுபோல இதயமும் நேரத்திற்கேற்ப நடை மாற்றுகிறது. அந்தக் கட்டளையை மூளையிலிருந்து நரம்புகள் கொண்டு வருகின்றன. வேகத்தைத் தணிக்கும் நரம்பு 'வேகஸ்'.

வயது ஏற ஏற இந்த மாறுபாடு குறையும். இனிப்பு நீர் நோய் அந்த நரம்பைக் கெடுத்து இன்னும் குறைக்கும். அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழிவந்த முதியவர்களை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாறுபாடு குறைந்தவர்கள், நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள். ஒன்றினால்தான் மற்றது வந்தது என்று இதைக்கொண்டு முடிவு கட்ட இயலாது. ஆனால் இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், புகைபிடித்தல், உடலுழைப்பின்மை ஆகியவை இதயத்திற்கும் மூளைக்கும் பொதுப் பகைவர்கள் என்பது உறுதி.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூச்சோடு ஏறி இறங்கும் நாடி நல்லது. மூச்சுக்குத் தொடர்பின்றித் தாறுமாறாகத் துள்ளும் நாடி வேறு. அது இதய மேலறைகளின் கோளாறாக இருக்கலாம். அதனால் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும், நினைவும் கெடும். இ.சி.ஜி. எடுத்தால் கண்டுபிடிக்கலாம், மருந்தும் உண்டு. விரலால் தொட்டு நாமே முடிவு செய்ய வேண்டாம்.

ஆகவே பெரியவர்களின் மறதி அன்றாட வேலைக்கு இடையூறாகும்போது அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவார்கள். தைராய்டுக் கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

கொதிப்பு மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள். தேநீரில் சீனியைக் குறையுங்கள். மாலையில் தாத்தா பாட்டியைத் தனியே உட்கார வைக்காமல், பேரப்பிள்ளைகள் கைபிடித்து நடக்க அழைத்துச் செல்லட்டும். நடையும் பேச்சும் இதயத்திற்கும் நல்லது, மூளைக்கும் நல்லது.

நம்மை வளர்த்தவர்களின் நினைவைக் காப்பது நம் கடமை.