பத்தியக் காலத்தில் இரத்தக்கட்டி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஷா ஆலம் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்று வீடு திரும்பும் பெண்ணிடம் தையல் ஆறிவிட்டதா, பால் சுரக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறோம். காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறியிருந்த பெண்ணிடம் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

பிரசவத்தில் இரத்தம் அதிகம் போய்விடாமலிருக்க, கர்ப்பிணியின் இரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும் தன்மையைப் பெறுகிறது. அறுவைக்குப் பின் படுத்தே இருப்பதால் காலில் இரத்தம் தேங்குகிறது. அழுத்தத்தோடு சிறுநீரில் புரதமும் போகும் பிரி-எக்ளாம்சியா நோயில் இரத்தக் குழாயின் உட்சுவரும் பாதிக்கப்படுகிறது. இப்படிக் காலில் உண்டாகும் கட்டி நழுவிப் போய் நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். நம் நாட்டில் பிரசவ மரணங்களை 1991 முதல் தனியாக ஆராய்ந்து வருகிறார்கள். இந்த அடைப்பு அவற்றின் முக்கியக் காரணங்களில் ஒன்று.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில் புள்ளிக் கணக்கு ஒன்று உண்டு. நாள் குறித்துச் செய்த அறுவைக்கு 1, வலி கண்டபின் செய்ததற்கு 2, பிரி-எக்ளாம்சியாவுக்கு 1, வயது 35-ஐத் தாண்டினால் 1. கூட்டி 2 வந்தாலே குறைந்தது 10 நாள் ஹெப்பாரின் வகை ஊசி. சிலருக்கு 6 வாரம்.

சிக்கல் வீட்டில்தான் தொடங்குகிறது. பாலில் மருந்து கலந்துவிடும் என்று ஊசியை நிறுத்துகிறார்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இந்த ஊசி பாதுகாப்பானது. பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது என்று தயங்குவோரும் உண்டு. அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஃபொண்டாபரினக்ஸ் என்ற செயற்கை மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று பார்ப்பார். இன்னொன்று, அழுத்த மாத்திரையை விட்டுவிட்டு ஊசியை மட்டும் போடாதீர்கள். அழுத்தம் கட்டுமீறினால் மூளையில் இரத்தம் கசியும் அபாயம் உண்டு.

இனி, பத்தியம் பார்க்கத் தோட்டத்திலிருந்து வந்திருக்கும் பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. பூண்டுக் குழம்பு தாராளமாகக் கொடுங்கள். (கருவாடு வேண்டாம், அதன் உப்பு அழுத்தத்துக்கு ஆகாது.) ஆனால் பச்சை உடம்பு என்று சொல்லிப் படுக்கையிலேயே வைக்காதீர்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். வீட்டுக்குள் நடக்கட்டும்.

அழுத்தமுள்ள பெண்ணுக்கு இரண்டு காலும் வீங்கியிருப்பது பழகிப்போன காட்சி. அதனால் ஒரு கால் மட்டும் கூடுதலாக வீங்குவது கண்ணில் படாது. பெரும்பாலும் அது இடது கால். சந்தேகமிருந்தால் தையல்காரர் நாடாவால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்து பாருங்கள். ஒன்று பெருத்து வலித்தால் எண்ணெய் போட்டு நீவவே கூடாது; கட்டி நகர்ந்துவிடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ, சுகாதாரக் கிளினிக் தாதி வீட்டுக்கு வரும் நாள்வரை காத்திராமல் 999-க்கு அழையுங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் கேட்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை இந்த 6 வாரத்தில் தொட வேண்டாம். அதன் பிறகும் அழுத்தமுள்ளவர்களுக்கு அது ஏற்றதல்ல. வேறு முறைகள் இருக்கின்றன.