கோடு போடக் கற்றுக்கொடுத்தவர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "நீ படமெல்லாம் வரையறியாமே, அதைப் பத்திப் பதினைஞ்சு நிமிஷம் பேசு" என்றார். கட்டட வடிவமைப்பு பற்றிப் பேசச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். 2011-ல் இங்கே சிவில் முடித்தவன் நான். முதலாண்டு எஞ்சினியரிங் டிராயிங்கில் அரியர் வைத்தவன் என்பதும் என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். முன்வரிசையில் சிரிக்கிறார்கள், பார்க்கிறேன். சிரிக்கட்டும்.

என் தொழில் தூணுக்கும் உத்தரத்துக்கும் கணக்குப் போடுவது. ராத்திரி வீட்டுக்கு வந்தால், சாப்பிட்ட பிறகு மாடியறையில் ஒரு மணி நேரம் ஓவியம். அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்த சிலரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஓவியர்கள் இருக்கிறார்கள், கட்டடக் கலைஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வெட்கக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு குழுக் கண்காட்சியில் என் படங்கள் ஐந்து இடம்பெற்றன. கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவில் ஜாதகக் கட்டம், சுற்றிலும் எழுத்து மாதிரித் தெரியும் ஆனால் எழுத்தாக இல்லாத கிறுக்கல்கள். இரண்டு படம் விற்றும் போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் ஓவியக் கல்லூரி மாணவி ஒருவர் வந்தார். இருபது வயதுகூட இருக்காது. ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "சார், உங்களுக்குப் பணிக்கர்னா ரொம்பப் பிரியமா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். "தெரியுது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பிகளுக்காகச் சொல்கிறேன். கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1966-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். படம் வரைந்தால் சோறு கிடைக்காது என்ற பேச்சு அப்போதும் உண்டு. அவரும் அவருடைய மாணவர்களும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசில் மணல்காட்டில் நிலம் வாங்கி, வீடு கட்டி, மிச்ச நேரத்தில் ஓவியம் வரைந்தார்கள். மாடியறையில் ஒரு மணி நேரம் திருடுகிற எனக்கு அதைவிடப் பெரிய தைரியம் வேறு என்ன வேண்டும்?

நான் காப்பியடித்தது அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை. 1963 வாக்கில் அவர் அதைத் தொடங்கும்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதற்கு முன் எத்தனை வருஷம் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் மனிதர்களையும் வரைந்திருக்கிறார்! அத்தனையும் வரைந்து, போதவில்லை என்று தோன்றிய பிறகு வந்தவை அந்தக் குறிகள். நானோ முதல் படியிலேயே அதை எடுத்து வைத்துக்கொண்டேன். பக்கத்து பெஞ்சுக்காரன் பேப்பரில் விடையை மட்டும் பார்த்து எழுதினால் 'ஸ்டெப்' மார்க் கிடைக்குமா? நம் வாத்தியார்கள் போட்டதே இல்லை.

விற்ற இரண்டு படங்களையும் வாங்கியவர்களுக்குக் கடிதம் எழுதினேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன், படத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று. ஒருவர் கொடுத்துவிட்டார். மற்றவர் பல் டாக்டர். "எனக்குப் பிடிச்சிருக்கு, தர முடியாது" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு எட்டு மாதம் தூரிகையைத் தொடவில்லை.

வேலை விஷயமாகத் திருவனந்தபுரம் போயிருந்தேன். திரும்பும் ரயில் தாமதம். தம்பானூரில், ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் இந்தியன் காபி ஹவுஸுக்குள் நுழைந்தேன். லாரி பேக்கர் கட்டியது. செங்கல் நிறத்தில் ஒரு உருளை. உள்ளே தளமே ஒரு சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. மேசையும் உட்காரும் திட்டும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியவை. சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகத் திறப்பு. ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு துண்டு வெளிச்சம் வந்து காபி டம்ளர் பக்கத்தில் விழுகிறது. விசிறி வைத்த தலைப்பாகையோடு வந்த சர்வர் இரண்டாவது காபி வேண்டுமா என்று கேட்டார். மூன்றாவதும் குடித்தேன்.

பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தவர். காந்தியைச் சந்தித்த பின் இந்தியாவுக்கே வந்துவிட்டவர். 2007-ல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தார். அவர் பரப்பிய 'ஃபில்லர் ஸ்லாப்' பற்றி நாம் படித்திருக்கிறோம், அல்லது படித்ததாகப் பரீட்சை எழுதியிருக்கிறோம். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இருபுறமும் தாங்கிய ஒரு கூரைத் தளத்தில் நடுப்பகுதியின் கீழ்ப்பாதி இழுபடுகிறது. அங்கே வேலை செய்வது கம்பிதான், கான்கிரீட் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற இடத்தில் எதற்குச் சிமென்ட்டைக் கொட்ட வேண்டும்? கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டார். எடை குறைந்தது, செலவு குறைந்தது, கீழிருந்து பார்த்தால் விதானம் அழகாகவும் ஆயிற்று. சுவரிலும் அதே புத்தி. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, உள்ளே பொந்து விட்டுக் கட்டுவார். 'ராட் ட்ராப்' கட்டு என்பார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். பூச்சு கிடையாது. கொத்தனாரின் கை அப்படியே தெரியும்.

(இதை என்னிடம் வீடு கட்ட வந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். "ஏன் தம்பி, காசை வாங்கிக்கிட்டு உள்ள ஓட்டை விட்டா கட்டுவீங்க?" என்றார். கடைசியில் அவர் வீட்டுக்குச் சாதாரணத் தளம்தான் போட்டோம்.)

அந்தக் காபி மேசையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் என் ஐந்து படங்களும் கண்ணுக்குள் வந்தன. அங்குலம் விடாமல் நிரப்பி வைத்திருந்தேன். வெற்றிடம் விட்டால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். எந்தக் கோடு பாரம் தாங்குகிறது, எது சும்மா இருக்கிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை. தளத்துக்குக் கேட்பேன், படத்துக்குக் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். நம் திருச்சிப் பக்கத்துக் கீராம்பூர்க்காரர். 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி படங்கள் பெயர் பெற்றவை. எங்கள் வீட்டில் அப்பா வாங்கி வைத்திருந்த பழைய சிற்றிதழ்களில் அவர் கோடுகளைச் சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறேன். யார் வரைந்தது என்று தெரியாது. இப்போது பென்சிலை எடுத்து ஒவ்வொரு கோடாக எண்ணிப் பார்த்தேன். காந்தியின் முதுகு வளைவு ஒன்றைச் சொல்லச் சில கீற்றுகள்தான். மிச்சத்தை வெள்ளைத்தாள் சொல்கிறது. அவர் பிற்காலத்தில் வண்ணப் பரப்புகளுக்குப் போனார். அந்தப் படங்களைப் பலர் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கறுப்பு மைதான்.

இன்னொரு இடத்தையும் சொல்லாமல் விட முடியாது. அகமதாபாத்தில் கட்டடக் கலைஞர் தோஷியும் ஓவியர் ஹுசைனும் சேர்ந்து 1990-களின் நடுவில் உருவாக்கிய குஃபா. குகை என்று அர்த்தம். பாதி பூமிக்குள் இருக்கிறது. கம்பிவலையில் சிமென்ட் கலவை பூசிச் செய்த ஃபெரோசிமென்ட் கூடுகள், ஆமை ஓடுகள் மாதிரி மேலே புடைத்துக்கொண்டு நிற்கின்றன. மேலே உடைந்த பீங்கான் ஓட்டுத் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். உள்ளே தூண்கள் எதுவும் நேராக இல்லை, மரம் மாதிரி சாய்ந்து நிற்கின்றன. கணக்கு கம்ப்யூட்டரில், வேலை சாதாரணக் கைக்கருவிகளில். எஞ்சினியர் என்ற முறையில் நான் முதலில் தூண்களைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ஓவியக் கூடம் என்கிறார்கள், சட்டம் போட்ட படத்தை மாட்ட ஒரு நேர்ச்சுவர் கிடையாது! ஹுசைன் அந்த வளைவுகளிலேயே வரைந்துவிட்டார். கட்டடம் எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியவில்லை. ஹுசைன் 2011-ல் லண்டனில் காலமானார். தோஷி 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 2023-ல் மறைந்தார்.

இலங்கையின் ஜெஃப்ரி பாவாவைப் பற்றியும் பேச ஆசை. வக்கீலாக இருந்தவர் 38 வயதில் கட்டடக் கலைஞர் ஆனார் என்பதை மட்டும், 'இனிமே எங்கப்பா' என்று சொல்லும் என் வகுப்பு நண்பர்களுக்காகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். நேரம் காட்டுகிறார்கள்.

இப்போது என்ன வரைகிறேன் என்று கேட்கலாம். நம் பழைய டிராயிங் ஹாலைத்தான் வரைகிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல் வெளிச்சம் மேசைகள் மேல் விழுமே, அதை. ஒன்பது தடவை வரைந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் எதையாவது எடுத்துவிடுகிறேன். முதலில் மேசைக் கால்கள் போயின, அப்புறம் ஜன்னல் கம்பிகள். ஒன்பதாவதில் வெளிச்சமும் ஒரு மேசையின் விளிம்பும்தான் மிச்சம். கித்தானின் பாதியில் வண்ணமே இல்லை. பணிக்கர் இதில் இருக்கிறாரா என்றால், தெரியும்படி இல்லை. அந்த மாணவியை மறுபடி பார்த்தால் காட்ட வேண்டும். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஒன்பது படங்களையும் இன்று டிராயிங் ஹால் தாழ்வாரத்திலேயே மாட்டியிருக்கிறேன். விற்பனைக்கு இல்லை. தேநீர் இடைவேளையில் வந்து பாருங்கள், முக்கியமாக ஓவியம் வரையும் தம்பி தங்கைகள் வாருங்கள். எந்தக் கோடு சும்மா இருக்கிறது என்று கூச்சப்படாமல் சொல்லலாம். அந்தப் பல் டாக்டர் படத்தை மட்டும் இன்றுவரை தரவில்லை. போன மாதம் கடைவாய்ப்பல் வலி என்று போனேன். வாயைத் திறந்துகொண்டு முக்கால் மணி நேரம் அதற்கு நேர் எதிரே படுத்திருந்தேன்.