மடக்கிய இரும்பும் மறைந்த ஏடும்





மார்கழித் திருவாதிரைப் பெருவிழாவில் நாள்தோறும் மணிவாசகப் பெருமான் ஆடவல்லான் திருமுன் எழுந்தருளுவதையும், திருவெம்பாவை ஓதி முடியுந்தோறும் தீபாராதனை நிகழ்வதையும் கண்டு மகிழ்ந்து வருகின்றீர்கள். இன்று அப்பெருமானைப் பற்றியே பேச எண்ணி வந்தோம். ஆயினும் எம் இல்லத்தில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறவேண்டியுள்ளது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பொறுத்திருந்து கேளுங்கள்.

எம் முன்னோர் வாழ்ந்த ஓட்டு வீட்டைப் பழுது பார்க்கத் தொடங்கினோம். பரணை ஒழித்தபோது, பழந்துணி ஒன்றில் சுற்றப்பெற்ற உலோகப் பொருள் ஒன்று கிடைத்தது. ஒரு சாண் நீளம், விரல் பருமன், மேலே பித்தளை, இரு முனைகளிலும் துருவேறிய இரும்பு சிறிது தலைகாட்டியது. பித்தளையில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. எம் பேரன் அதை எடுத்து வந்து, "தாத்தா, இது என்ன?" என்றான். அறுபதைக் கடந்தும், ஊர் ஊராய்ச் சென்று உண்மைப் பொருளை விரித்துரைத்தும் வருகின்ற எமக்கு, எம் வீட்டுப் பொருள் இன்னதென்று சொல்ல இயலவில்லை!

பாக்குவெட்டிக்குத் துணையான கத்தியாகலாம் என்றோம். தச்சர் பார்த்துத் தம் தொழிற்கருவி அன்று என்றார். நாட்டு வைத்தியர் ஒருவர், கட்டி கீறும் பழைய கருவி என்று உறுதியாகவே கூறிவிட்டார். அண்டை வீட்டு அம்மையார், பேய் அணுகாதிருக்கப் பிள்ளைபெற்றாள் தலைமாட்டில் வைக்கும் இரும்பு என்றார். பழைய இரும்பு வாங்குவோர் மட்டும் பெயரைப் பற்றிக் கவலையே கொள்ளவில்லை. தராசில் இட்டார், பித்தளைக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: கொடுத்துவிடவே துணிந்தோம். பேரன்தான் தரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டான்.

எம் ஊர்ப் பொற்கொல்லர் முதியவர். அவர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஐயா, இது ஒரே துண்டு அன்று, உள்ளே ஏதோ மடங்கியிருக்கிறது. வலிந்து திறக்காதீர்கள்" என்றார். பித்தளையைப் புளியிட்டுத் துலக்கி, மூட்டுகளில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் ஒரு முனையிலிருந்து சிறு கத்தி ஒன்று விரிந்தது. மற்றொரு முனையிலிருந்து கூரிய ஊசி போன்றதொரு முள் எழுந்தது. அக்கணமே எமக்கு விளங்கிவிட்டது. அது மடக்கெழுத்தாணி.

எழுத்தாணியில் வகையுண்டு. தலையில் குண்டு உடையது குண்டெழுத்தாணி. ஓலையை வாரும் கத்தி ஒரு புறமும் எழுதும் முனை மறுபுறமும் அமைந்தது வாரெழுத்தாணி. இரண்டும் கைப்பிடிக்குள் அடங்குவது மடக்கெழுத்தாணி. பனையோலையை வாரி, பதப்படுத்தி, தேய்த்து மெருகேற்றி, அதன்மேல் இம்முனையால் கீறுவர். கீறிய எழுத்து அப்போது கண்ணுக்கு நன்கு புலப்படாது. கரியை எண்ணெயிற் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை நின்று எழுத்துத் தோன்றும். புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதினர். ஏட்டைப் படிப்பதற்கும் ஒரு கல்வி வேண்டியிருந்தது அதனால்தான். இன்று அச்சிட்ட நூலை எடுத்து ஓதும் நாம் அவ்வருமையை அறியோம்.

எம் பாட்டனார் இடக்கைப் பெருவிரல் நகத்தை நீள வளர்த்து, அதன் நுனியில் பிறைபோல் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார். சிறுவயதில் யாம் அதைத் தொட்டுப் பார்த்து நகைத்ததுண்டு. ஓலையை இடக்கையிற் பற்றி, அப்பள்ளத்தில் எழுத்தாணியைத் தாங்கி எழுதுவது பழைய முறை. அவர் ஊராருக்குச் சாதகம் எழுதிக் கொடுத்தவர். அதெல்லாம் எம் நினைவிலிருந்து எங்கோ போயிருந்தது. அம்முள் விரிந்தபோது நகமும் விரலும் முகமும் ஒருங்கே வந்து நின்றன.

எம் சாதக ஓலை ஒன்று மட்டும் அன்னையார் பேணி வைத்த பெட்டியில் இருந்தது. பாட்டனார் கையால் எழுதியது. பொற்கொல்லர் சொல்ல, துருநீக்கிய முனையை ஓலையின் ஓர் எழுத்தின்மேல் மெல்ல வைத்தோம். கீறலுக்குள் முனை அமைந்து நின்றது. இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

"பாட்டனார் எழுதிய மற்ற ஓலைகள் எங்கே, தாத்தா?" என்றான் பேரன். இங்கேதான் யாம் தலைகுனிய நேர்ந்தது.

பாட்டனார் 1970ஆம் ஆண்டு சிவபதம் அடைந்தார். மறு ஆண்டு ஆடிப் பதினெட்டன்று, வீட்டில் இருந்த ஏட்டுக் கட்டுகளைக் குடமுருட்டி ஆற்றில் விட்டனர். பழைய ஏடுகளை ஆடிப் பெருக்கில் விடுவது அந்நாளில் பல குடும்பங்களில் இருந்த வழக்கம். எவரும் தீதென்று எண்ணிச் செய்ததன்று. அக்கட்டுகளைத் தலையிற் சுமந்து சென்ற சிறுவன் யாமே. ஏழு கட்டுகள் இருந்தன. அவற்றுள் சாதகக் கணக்கும் இருந்திருக்கலாம், வைத்தியமும் இருந்திருக்கலாம், திருமுறையும் இருந்திருக்கலாம். ஒருவரும் அவிழ்த்துப் பாராமலே விட்டோம். ஆளுடைய பிள்ளையார் மதுரையில் இட்ட ஏடு வையையை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் நின்ற வரலாற்றை எம் பாட்டியார் முன்னரே சொல்லியிருந்தார். ஆதலின் யாம் கரையிலேயே நின்று, ஏதேனும் ஒரு கட்டு எதிர்த்து வருகிறதா என்று பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை.

அன்பர்களே, பின்னாளில் எவரேனும் அவ்வேடுகளைப் பற்றிக் கேட்டால் யாம் ஒரு விடை வைத்திருந்தோம். திருமுறை கண்ட வரலாற்றை நீவிர் அறிவீர்கள். திருநாரையூர்ப் பொல்லாப் பிள்ளையார் அருளால், தில்லையில் மூவர் கையடையாளமிட்ட அறையில் ஏடுகள் உள்ளமையை நம்பியாண்டார் நம்பிகள் உணர்த்த, சோழ வேந்தன் திறப்பித்தான். ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கிப் பார்த்தால் பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்தது. வேந்தன் வருந்தி நின்றபோது, இக்காலத்துக்கு வேண்டுவன மட்டுமே வைத்தோம் என்று திருவாக்கு எழுந்ததாகத் திருமுறைகண்ட புராணம் செப்புகிறது. அதைச் சொல்லி, போனவை போகவேண்டியவையே என்று எம்மையும் பிறரையும் தேற்றி வந்தோம்.

அது தவறு என்று இப்போது கூறுகிறோம். அத்திருவாக்கு, இயன்றதெல்லாம் செய்து தேடி, கண்ணீர் விட்டு நின்றவனுக்கு இறைவன் அருளிய ஆறுதல். தேடாதவனுக்கும், அவிழ்த்துப் பாராமல் ஆற்றில் விட்டவனுக்கும் அது ஆறுதலாகாது. இறைவன் வாக்கை எம் சோம்பலுக்குப் போர்வையாக்கிக் கொண்டோம், அவ்வளவே. திருக்கோயில்களும் இதற்கு விலக்கல்ல. பாண்டிய மன்னர் ஒருவர் தொகுத்து வைத்த ஏடுகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூர் சென்ற உ.வே. சாமிநாதையரவர்கள், அவை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடப்பெற்றன என்று கேட்டுத் துடித்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றிலே எழுதியிருக்கிறார். ஏட்டைத் தீயிலும் நீரிலும் இடும் உரிமை, அது வேகாமலும் எதிர்த்தும் வரும் என்று துணிந்த ஆளுடைய பிள்ளையாருக்கே உரியது!

அதற்கு மாறாகக் காத்தோரும் உளர். புதுச்சேரியில் திரட்டிக் காக்கப்பெறும் சைவச் சுவடிகளை 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஏறத்தாழ 11,000 சுவடிகள். அவற்றுட் பெரும்பாலானவை சைவாகமங்கள். எங்கோ சில வீடுகளில், எவரோ சிலர் ஆற்றுக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தமையால் எஞ்சியவை.

இனி மணிவாசகப் பெருமானிடம் வருவோம். சற்று நேரத்தில் அவர் எழுந்தருளுவார், திருக்கரத்தைப் பாருங்கள். ஒரு கரத்தில் சுவடி உண்டு. மறுகரம் சின்முத்திரை காட்டும். எழுத்தாணி இராது. யாம் இத்தனை ஆண்டு வணங்கியும் அதை எண்ணிப் பார்த்ததில்லை. அவர் பாடியவர், தில்லையில் அந்தணராய் வந்து, சொல்லச் சொல்ல ஓலையில் எழுதியவர் அம்பலவாணர். எழுதிய ஏட்டைத் திருச்சிற்றம்பலப் படியிலே வைத்து மறைந்தார். எழுத்தாணி எவர் கையில் இருந்தது என்று விளங்குகிறதன்றோ? நினைத்தால் வாய்மொழியாகவே உலகில் பரப்பியிருக்கலாம். அவ்வாறன்றி அமர்ந்து, ஓலை பற்றி, ஒவ்வோர் எழுத்தாய்க் கீறினார் என்று நம் முன்னோர் கூறிய அருமையைச் சிந்தியுங்கள்.

இவ்வூரில் எவர் வீட்டிலேனும் ஏட்டுக் கட்டு இருந்தால், குப்பையிலோ ஆற்றிலோ விடுமுன் எம்மிடம் காட்டுங்கள் என்று விழாவின் முதல் நாளில் வேண்டிக்கொண்டோம். நேற்று மாலை மூதாட்டியார் ஒருவர் இரண்டு கட்டுகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். ஒன்றை அவிழ்த்தோம், நெல் அளந்த கணக்கு. அவர் முகம் வாடியது. அதுவும் பேணத்தக்கதே என்று சொன்னோம். மற்றொரு கட்டின் ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம். இன்னும் பிரியவில்லை.

திருச்சின்னம் கேட்கிறது. பெருமான் எழுந்தருளுகிறார், எழுந்து நின்று வணங்குவோம்.