ஒட்டகத்தின் இரத்தம் சொன்ன செய்தி

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கால்நடை மருத்துவர் இரத்த மாதிரி எடுக்க வந்தால், "மாடு நன்றாகத்தானே தீவனம் தின்கிறது, சோதனை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு அரபு நாட்டு ஒட்டகங்களே நல்ல விடை.

2012-ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் கடும் நுரையீரல் நோய் கண்ட ஒருவரிடம் புதிய கொரோனா நச்சுயிரி கண்டறியப்பட்டது. இதுவே மெர்ஸ் நோய். நோய் உறுதி செய்யப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இறந்துள்ளனர்.

நோய் எங்கிருந்து வந்தது என்று அறியக் கால்நடைகளின் இரத்த நீரைச் சோதித்தார்கள். நச்சுயிரி உடலில் புகுந்தால் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். பன்றி போன பிறகும் வயலில் காலடித் தடம் கிடப்பது போல, நச்சுயிரி நீங்கிய பின்னும் எதிர்ப்புப் பொருள் தங்கியிருக்கும்.

2013-இல் வெளியான ஆய்வில், ஓமன் நாட்டு ஒட்டகங்கள் 50-இலும் இத்தடம் இருந்தது. கானரித் தீவுகளில் 105-இல் 15 ஒட்டகங்களில் இருந்தது. சவூதியில் சோதித்த ஒட்டகங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் காணப்பட்டது; அங்குள்ள செம்மறியாடு, வெள்ளாடுகளில் காணப்படவில்லை. சோமாலியாவில் 1983-இல் எடுத்துப் பாதுகாத்த ஒட்டக இரத்த நீரிலும் தடம் இருந்தது. மனிதரிடம் கண்டறிவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே நோய் ஒட்டகங்களில் இருந்திருக்கிறது. ஒட்டகத்துக்கு வெறும் மூக்கொழுகலோடு போய்விடுவதால் யாரும் கவனிக்கவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். எதிர்ப்புப் பொருள் இருப்பதாலேயே அந்த ஒட்டகம் இன்று நோயைப் பரப்புகிறது என்று பொருளல்ல. அதை அறிய மூக்குச் சளியைத் தனியே சோதிக்க வேண்டும். வளர்ந்த ஒட்டகங்களைவிடக் குட்டிகளிடமே நச்சுயிரி மிகுதியாகக் கிடைக்கிறது. ஆகவே இரத்தச் சோதனையின் முடிவை மட்டும் பார்த்து மந்தையையே அழிப்பது சரியல்ல.

நாம் செய்ய வேண்டியவை:

1. மாதிரி எடுக்க வரும் மருத்துவருக்கு ஒத்துழையுங்கள்.

2. தடுப்பூசியாலும் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். எனவே ஊசி போட்ட தேதிகளைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள்.

3. முடிவின் பொருளை மருத்துவரிடம் கேட்டறியாமல் கால்நடையை விற்றுவிடாதீர்கள்.

4. வளைகுடா நாடுகளில் ஒட்டகம் மேய்க்கும் உறவினர் இருந்தால், பாலைக் காய்ச்சிக் குடிக்கவும், ஒட்டகத்தைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவவும் எழுதுங்கள். காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கண்டால், ஒட்டகங்களோடு வேலை செய்வதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.